சாம்பல் விழுற தெரு எந்தக் கணக்குல வருது?

2011 அக்டோபர் 1ல இருந்து சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாதுன்னு சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மொட்டை மாடியில துணி காயப்போடுறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய நிம்மதின்னு அங்க வளர்ந்தவங்களுக்குத்தான் தெரியும். ஆனா அந்தச் சரக்கு கடல்ல கரைஞ்சு போயிடல, இன்னும் வடக்க எண்ணூர் துறைமுகத்துக்கு வந்துச்சு. நான் எண்ணூர்க்காரன். ராயபுரத்துல எங்க பெரியம்மா வீடு, எண்ணூர்ல எங்க வீடு, ஒரே குடும்பத்துல ஒருத்தருக்கு மூச்சு விட வழி கெடைச்சப்ப இன்னொருத்தர் பக்கம் லாரி வரிசை நீண்டுச்சு. தீர்ப்பு தப்புன்னு நான் சொல்லல. தூசியால உண்டாகுற நஷ்டம் யார் தலையில விழுதுன்னு யாரும் கணக்கெடுக்கலன்னா அது இருக்குற எடத்த விட்டு நகருமே தவிர குறையாது, அத வியாபாரப் போட்டியக் காக்குற போட்டிச் சட்டத்தோட சேத்துச் சொல்றதுக்குத்தான் இத எழுதுறேன்.

நான் வக்கீல் கெடையாது. வியாசர்பாடி, மணலி, மாதவரம் பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பாக்குறது என் வேலை. அதனால விலை எப்படி வருது, எந்தச் செலவு பில்லுல ஏறுது, எது ஏறாம ராத்திரி கால்வாய்ல போகுதுன்னு தினமும் பாக்குறேன். ஒரு பக்கம் "சுற்றுச்சூழல் ரூல்ஸ் போட்டா தொழில் போயிடும், போட்டி இருந்தாத்தான் விலை குறையும்"னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் "இந்தப் போட்டிதான் எல்லாத்தையும் நாசம் பண்ணுது"ன்னு சொல்றாங்க. ரெண்டு பேர் பேச்சுலயும் பாதி உண்மை இருக்கு, அதனாலதான் பேச்சு எங்கயும் போய்ச் சேர மாட்டேங்குது.

முதல்ல போட்டிச் சட்டம்னா என்ன. நம்ம ஊர்ல சிண்டிகேட்னு சொல்லுவோம்ல, நாலு பெரிய வியாபாரிங்க உக்காந்து "இந்த விலைக்குக் கீழ யாரும் விக்கக் கூடாது"ன்னு பேசி முடிச்சுக்கிறது, அதத் தடுக்குறதுதான் அதோட முதல் வேலை. ரெண்டாவது, ஒரே கம்பெனி பெருசா வளர்ந்து மத்தவன நசுக்குறதத் தடுக்குறது. மூணாவது, ரெண்டு பெரிய கம்பெனி ஒண்ணாச் சேர்றப்ப அதனால சந்தை கெட்டுப் போகுமான்னு பாக்குறது. இந்தியாவுல 1969ல இருந்த ஏகபோகத் தடுப்புச் சட்டத்த எடுத்துட்டு 2002ல புதுசா போட்டிச் சட்டம் கொண்டுவந்தாங்க, ஆனா சிண்டிகேட்டையும் ஆதிக்கத்தையும் தட்டிக் கேக்குற பிரிவுங்க 2009 மே மாசம்தான் நடைமுறைக்கு வந்துச்சு. அந்த வேலையப் பாக்குறது இந்தியப் போட்டி ஆணையம், சுருக்கமா சிசிஐ. 2012ல 11 சிமெண்ட் கம்பெனிங்க மேல 6,000 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டாங்க. வீடு கட்டுறவங்க வயித்தெரிச்சலுக்கு ஒரு பதில் கெடைச்ச மாதிரி இருந்துச்சு அப்ப. கேஸ் அதுக்கப்புறம் மேல்முறையீடு, மறு விசாரணைன்னு போயிட்டே இருந்துச்சு, அது தனிக் கதை.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். ஒரு ஒப்பந்தம் போட்டியக் கெடுக்குதான்னு பாக்குறதுக்கு அந்தச் சட்டத்தோட 19வது பிரிவுல ஆறு விஷயம் சொல்லியிருக்காங்க. புதுசா வர்றவனுக்குத் தடை உண்டாகுதா, ஏற்கெனவே இருக்குறவன வெளிய தள்ளுதா, சந்தையவே மூடிடுதா, இது மூணும் தராசுல ஒரு தட்டு. நுகர்வோருக்கு நன்மை கெடைக்குதா, உற்பத்தியோ விநியோகமோ மேம்படுதா, தொழில்நுட்ப அறிவியல் பொருளாதார வளர்ச்சி வருதா, இது மூணும் இன்னொரு தட்டு. அந்த ஆறுல காத்து, தண்ணி, மண்ணு பத்தி ஒரு வார்த்தை கெடையாது. ஒரு கம்பெனிக்கு சந்தையில ஆதிக்கம் இருக்கான்னு பாக்குற பட்டியல்ல மட்டும் சமூகக் கடமை, சமூகச் செலவுன்னு ரெண்டு சொல் வருது, அவ்ளோதான்.

"நுகர்வோர்"னு சொல்றாங்க பாருங்க, அந்த வார்த்தையிலதான் எங்க ஊர் காணாமப் போகுது. பொருள வாங்குறவர்தான் நுகர்வோர். கரண்ட் வாங்குறவர், சிமெண்ட் வாங்குறவர், பெட்ரோல் போடுறவர். அந்தக் கரண்டு செய்யுற எடத்துக்குப் பக்கத்துல குடியிருக்குறவர் அந்த வார்த்தைக்குள்ள வர மாட்டாரு. அவரும் கரண்ட் பில்லு கட்டுறாரு, அந்த அளவுக்கு அவரும் நுகர்வோர்தான், ஆனா அவரோட நுரையீரல் எந்தத் தட்டுலயும் வைக்கப்படல.

ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறை இருக்கு, நிக்கல் குரோமியம் முலாம் போடுற எடம், ரெண்டுக்கும் நடுவுல நாலு தெரு. மொத பட்டறை ஓனர், நான் அண்ணான்னுதான் கூப்பிடுவேன், முலாம் போட்டுக் கழுவுன தண்ணியத் தனித் தொட்டியில விட்டு, ரசாயனம் போட்டு, அடியில படியுற பச்சைக் கசண்டக் காயவெச்சு மூட்டை கட்டி கும்மிடிப்பூண்டியில அபாயக் கழிவுக்குன்னே இருக்குற கிடங்குக்குக் காசு கட்டி அனுப்புறாரு. நானே அந்த மூட்டையத் தொட்டுப் பாத்திருக்கேன், காஞ்ச பிறகும் ஈரக் களிமண் மாதிரி கனம். ரெண்டாவது பட்டறையில தொட்டி இருக்கு, பேப்பரும் இருக்கு, ராத்திரி பதினொரு மணிக்கு மேல அந்தத் தண்ணி நேரா கால்வாய்க்குப் போயிடும், அங்க இருந்து கேப்டன் காட்டன் கால்வாய், அப்புறம் பக்கிங்காம். ஒரு பேச்சுக்கு மொத ஆளுக்குப் பீஸுக்கு ஒரு ரூபா கூட ஆகுதுன்னு வெச்சுக்கங்க. ஆர்டர் குடுக்குற பெரிய கம்பெனி ரெண்டு பேர் கொட்டேஷனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கும். யாருக்கு ஆர்டர் போகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மூணு வருஷம் முன்னாடி அந்த அண்ணன் என்கிட்ட கேட்டாரு, "தம்பி, இந்தக் கும்மிடிப்பூண்டி செலவ மட்டும் எடுத்துட்டா நான் ஜெயிச்சிடுவேன், எடுத்துடட்டுமா?"ன்னு. எனக்கு அன்னைக்குப் பதில் வரல.

அந்தச் சந்தையில போட்டி நல்லாவே நடக்குது, சிண்டிகேட் இல்ல, ஏகபோகம் இல்ல, விலையும் குறையுது. ஆனா யார் திறமையா முலாம் போடுறாங்கன்ற போட்டி அது கெடையாது, யார் தைரியமா ராத்திரி வால்வு தொறக்குறாங்கன்ற போட்டி. கழிவச் சுத்தம் பண்ற செலவு எல்லாருக்கும் ஒரே மாதிரி விழலன்னா, போட்டியே நேர்மையானவன வெளிய தள்ளுற மிஷினா மாறிடும். அதனாலதான் மாசுக் கட்டுப்பாட்டு ஆளு சரியா வேலை செய்யுறதே ஒரு வகையில போட்டியக் காப்பாத்துற வேலைன்னு நான் நம்புறேன், ரெண்டையும் எதிரெதிரா நிக்க வெக்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

அபராதத்தப் பாத்தா இது இன்னும் தெளிவாத் தெரியும். சிண்டிகேட் போட்டு மாட்டுனா அது நடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் விற்பனையில 10 சதவீதம் இல்லன்னா லாபத்துல மூணு மடங்கு, எது பெருசோ அது வரைக்கும் அபராதம், 2023 திருத்தத்துக்கு அப்புறம் விற்பனைன்றது உலகம் முழுக்க உள்ள விற்பனைய வெச்சுக் கணக்கு. காத்து மாசத் தடுக்குற காத்துச் சட்டத்த மீறுனா? 2023ல வந்த ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்கு அப்புறம் பெரும்பாலும் 10 ஆயிரத்துல இருந்து 15 லட்சம் ரூபா வரைக்கும். பசுமைத் தீர்ப்பாயம் தனியா இழப்பீடு போடலாம், போடுது, ஆனா அதுக்கு ஒவ்வொரு தடவையும் யாராவது வழக்கு நடத்தணும், எங்க ஊர்ல அது பெரும்பாலும் மீன்பிடிக்குற மக்களாத்தான் இருக்கு. விலையில ஏமாத்துனா கோடிக்கணக்குல, மூச்சுல ஏமாத்துனா லட்சக் கணக்குல. ஒரு பெரிய ஆலையோட கணக்குப் பிரிவுல உக்காந்திருக்குறவருக்கு 15 லட்சம் ஒரு செலவுத் தலைப்பு மட்டும்தான்.

இப்ப கரண்டுக்கு வரேன், ஏன்னா எங்க பக்கம் எல்லாம் அங்கதான் போய் முடியுது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970ல ஆரம்பிச்சது, 450 மெகாவாட், 2017ல மூடுனாங்க. ஆனா அதுக்கு முன்னாடியும் பின்னாடியுமா வடசென்னை அனல் மின் நிலையம் முதல் கட்டம் 630, ரெண்டாம் கட்டம் 1,200, வல்லூர் 1,500, 2024ல மூணாம் கட்டம் 800ன்னு வரிசையா வந்தாச்சு. கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற கழிமுகத்தச் சுத்தி 4,130 மெகாவாட். அந்தக் கரண்டுல குளுகுளுன்னு தூங்குற ஊர்ங்க எங்கெங்கயோ இருக்கு.

எந்த நிலையத்துல இருந்து கரண்ட் முதல்ல எடுக்கணும்னு ஒரு வரிசை இருக்கு, மெரிட் ஆர்டர்னு சொல்லுவாங்க. ஒரு யூனிட் செய்யுறதுக்கு ஆகுற எரிபொருள் செலவு யாருக்குக் கம்மியோ அவங்க கிட்ட முதல்ல, அப்புறம் அடுத்தவங்க கிட்ட. கேக்க ரொம்ப நியாயமா இருக்கும், வீட்டுல கீரை வாங்குறப்ப நம்மளும் அப்படித்தான் வாங்குறோம். ஆனா 2015 டிசம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களுக்குப் புதுப் புகை அளவு நிர்ணயிச்சுது. சிம்னி வழியாப் போற சல்ஃபர் டையாக்சைடக் குறைக்க எஃப்ஜிடின்னு ஒரு கருவி, புகையச் சுண்ணாம்புக் கல்லு கலந்த தண்ணியால கழுவுற மாதிரி. அதப் போட முதலீடு வேணும். போட்ட பிறகும் தினமும் சுண்ணாம்புக் கல்லு வாங்கணும், அந்தக் கருவிய ஓட்ட நிலையமே செய்யுற கரண்டுல கொஞ்சம் தின்னுக்கும். அப்ப யூனிட்டுக்குச் சில பைசா ஏறும். மெரிட் ஆர்டர் கணக்குல அந்தச் சில பைசாவத் தனியாப் பிரிச்சு வெக்கலன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, புகையக் கழுவுன நிலையம் வரிசையில பின்னாடி தள்ளப்படும், கழுவாத நிலையம் முன்னாடி வந்து இன்னும் கூட நேரம் ஓடும். என் பிளேட்டிங் பட்டறைக் கதையேதான், மெகாவாட் அளவுல.

2017ன்னு வெச்ச கெடு தள்ளிப் போச்சு, மறுபடி தள்ளிப் போச்சு, 2022, 2024ன்னு போயிட்டே இருந்து, 2025 ஜூலையில நாட்டுல இருக்குற நிலையங்கள்ல முக்கால்வாசிக்கும் மேல எஃப்ஜிடியே தேவையில்லன்னு அறிவிப்பு வந்துச்சு. 10 லட்சத்துக்கு மேல மக்கள்தொகை உள்ள நகரத்துல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குற நிலையங்களுக்கு 2027 டிசம்பர் கடைசி வரைக்கும் நேரம். நம்ம நாட்டு நிலக்கரியில சல்ஃபர் கம்மி, செலவு பயங்கரமா இருக்கு, கரண்ட் விலை ஏறிடும்னு அரசு தரப்புல காரணம் சொன்னாங்க. அதுல சல்ஃபர் கம்மின்றது உண்மைதான். ஆனா சொன்ன கெடுவுக்குப் பயந்து முன்னாடியே கோடிக்கணக்குல செலவு பண்ணிப் போட்டவங்க ஒரு பக்கம், காத்துக்கிட்டே இருந்தவங்க ஒரு பக்கம், கடைசியில காத்திருந்தவங்களுக்குத்தான் லாபம். அடுத்த தடவ ஏதாச்சும் விதி வந்தா எந்தக் கம்பெனி முதல் ஆளாப் போய்ச் செய்யும்?

இந்த நிலையங்கள்ல நிலக்கரிய எரிச்ச பிறகு மிச்சமாகுற சாம்பல் சமாச்சாரம் வேற. காட்டுக்குப்பத்துல ஒரு அண்ணன் கூட போன மழைக்கு முன்னாடி ஒரு காலை நேரம் ஆத்துல எறங்குனேன். இடுப்பு வரைக்கும் தண்ணி இருந்த எடத்துல இப்ப முட்டிக்குத்தான் இருக்கு. அவரு குனிஞ்சு அடியில கைய விட்டு ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டுனாரு. மேல கொஞ்சம் கறுப்புச் சேறு, அதுக்கு அடியில ஊறவெச்ச சிமெண்ட் மாதிரி வெளிர் சாம்பல் கலர்ல ஒரு பத்தை. தண்ணியில கைய அலசுனாரு, ரேகைக்குள்ள இருந்த சாம்பல் போகவே இல்ல. "இது சேறு இல்ல தம்பி, சாம்பலு. எறாலு சேத்துல குழி பண்ணி ஒக்காரும், இதுல எங்க ஒக்காரும் சொல்லு"ன்னாரு. இவங்க பொம்பளைங்களும் ஆம்பளைங்களுமா சேத்தக் கையால தடவியே எறா புடிக்குற ஆளுங்க. அந்தக் கைப்பிடிச் சாம்பலுக்கு எந்தக் கரண்ட் பில்லுலயும் ஒரு பைசா ஏறல.

சரி, அப்போ கம்பெனிங்க எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து "நாம எல்லாருமே சுத்தமாச் செய்வோம், விலை கொஞ்சம் ஏறுனாலும் பரவாயில்ல"ன்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டா? யாரும் யார விடவும் பின்னாடி போக மாட்டாங்கல்ல? நியாயமான கேள்வி. ஐரோப்பாவுல இருபது முப்பது வருஷமா இதே கேள்வியோடதான் மல்லுக்கட்டுறாங்க. 1999ல வாஷிங் மெஷின் செய்யுற கம்பெனிங்க சேர்ந்து ரொம்ப கரண்ட் குடிக்குற மாடல்கள இனிமே செய்யுறதில்லன்னு முடிவு பண்ணாங்க, ஐரோப்பிய ஒன்றியத்துல போட்டிச் சட்டத்தப் பாத்துக்குற ஐரோப்பிய ஆணையம் அத அனுமதிச்சுது, வாங்குறவங்களுக்குக் கரண்ட் பில்லு மிச்சமாகும், ஊருக்கும் புகை குறையும்னு ரெண்டையும் கணக்குல எடுத்துக்கிட்டாங்க.

ஆனா அடுத்த கதையக் கேளுங்க. சலவைத்தூள் செய்யுற பெரிய கம்பெனிங்க சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு பொடிய அடர்த்தியாக்கி, பாக்கெட்டச் சின்னதாக்குற ஒரு பொதுத் திட்டத்துக்காகக் கூடுனாங்க. கூடுன எடத்துல விலையும் பேசிட்டாங்க. பாக்கெட் சின்னதாச்சு, விலை எறங்கல. 2011ல ப்ராக்டர் அண்ட் கேம்பிள், யூனிலீவர் ரெண்டு பேருக்கும் சேர்த்து 31.5 கோடி யூரோ அபராதம், மூணாவதா இருந்த ஹெங்கல் முதல்லயே வந்து சொல்லிட்டதால தப்பிச்சுது. பச்சைக் கொடி புடிச்சுக்கிட்டு உள்ள சிண்டிகேட் போடலாம்னு இது காட்டுது.

அத விட என்னை ரொம்ப நாள் தூங்க விடாத கேஸ் 2021 ஜூலையில வந்துச்சு. டைம்லர், பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் குழுமம், இவங்க டீசல் கார்ல வர்ற நைட்ரஜன் ஆக்சைடக் குறைக்க ஒரு திரவம் ஊத்துற டேங்க் வெக்கணும். சட்டம் கேக்குற அளவ விடச் சுத்தமாச் செய்யுற தொழில்நுட்பம் அவங்க கிட்ட இருந்துச்சு. ஆனா அஞ்சு வருஷத்துக்கு மேல கூடிப் பேசி, டேங்க் எவ்ளோ பெருசு, ஒரு தடவ ரொப்புனா எவ்ளோ தூரம் ஓடணும்னு ஒத்துக்கிட்டு, சட்டத்த விடக் கூடச் சுத்தமா யாரும் போட்டி போட வேணாம்னு முடிவு பண்ணிக்கிட்டாங்க. விலையப் பத்தி அவங்க பேசவே இல்ல. அப்படியும் 87.5 கோடி யூரோ அபராதம், டைம்லர் முதல்ல போட்டுக் குடுத்ததால அதுக்கு மட்டும் விலக்கு. சுத்தமாச் செய்யுறதுல போட்டி போடாம இருக்குறதும் சிண்டிகேட்தான்னு போட்டிச் சட்டம் அன்னைக்குச் சொல்லுச்சு. அந்த ஒரு தீர்ப்பாலதான் போட்டிச் சட்டம் எங்க மக்களுக்கும் ஆயுதமாகலாம்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

நெதர்லாந்துல நடந்தது எங்க நெலமைக்கு ரொம்பப் பக்கம். 2013ல அங்க ஒரு தேசிய எரிசக்தி உடன்பாட்டுக்காக 1980கள்ல கட்டுன அஞ்சு நிலக்கரி மின் நிலையத்த முன்கூட்டியே மூடலாம்னு மின் கம்பெனிங்க சேர்ந்து ஒத்துக்கப் பாத்தாங்க. அந்த ஊர் போட்டி அதிகாரிங்க கணக்குப் போட்டாங்க, சல்ஃபர் குறையுது, நைட்ரஜன் ஆக்சைடு குறையுது, அதுக்கெல்லாம் பண மதிப்பு போட்டாங்க. கார்பனுக்கு மட்டும் போடல, ஏன்னா ஐரோப்பாவுல கார்பனுக்கு மொத்த உச்சவரம்பு இருக்கு, இங்க குறைச்சா வேற எடத்துல வெளிய விட்டுடுவாங்கன்னு. கடைசியில கரண்ட் வாங்குறவங்களுக்கு ஏறுற விலை பெருசு, கெடைக்குற நன்மை சின்னதுன்னு சொல்லி ஒத்துக்கல. அப்புறம் அரசாங்கமே விதி போட்டு மூட வெச்சுது, 2017க்குள்ள அஞ்சும் மூடியாச்சு. எனக்கு அந்த முடிவுல வருத்தம் உண்டு, ஆனா ஒண்ணு கவனிங்க, அவங்க சல்ஃபர எண்ணிப் பாத்துட்டுத்தான் வேணாம்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல எண்ணுறதே கெடையாது.

அதுக்கப்புறம் அங்க பேச்சு கொஞ்சம் நகர்ந்துச்சு. ஆஸ்திரியா 2021ல சட்டத்தத் திருத்தி, ஒரு ஒப்பந்தம் சுற்றுச்சூழலுக்கு உண்மையாவே கணிசமா உதவுனா நுகர்வோருக்குப் பங்கு கெடைச்ச மாதிரியே எடுத்துக்கலாம்னு வெச்சுது. 2023 ஜூன்ல ஐரோப்பிய ஆணையம் தன் வழிகாட்டுதல்ல இதுக்குன்னு தனி அத்தியாயமே சேர்த்துச்சு, ஆனா ஒரு கண்டிஷன், நன்மை அடையுறவங்களும் பொருள் வாங்குறவங்களும் பெரும்பாலும் ஒரே ஆளுங்களா இருக்கணும். எரிபொருள் கொஞ்சம் வெலை கூடுனாலும் காத்து சுத்தமானா, வண்டி ஓட்டுறவரும் அதே காத்தத்தான சுவாசிக்குறாரு, அந்த மாதிரி. இத எண்ணூருக்குக் கொண்டுவந்து பொருத்திப் பாத்தேன், பொருந்தல. தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் வாங்குறவங்க கோடிக்கணக்குல, சாம்பல் சுவாசிக்குறவங்க இந்தக் கழிமுகத்தச் சுத்தி இருக்குற குப்பங்களும் காலனிங்களும். ரெண்டு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற எடம் ரொம்பச் சின்னது. அங்க எழுதுன விதிய அப்படியே எடுத்து நமக்குப் போட்டா மறுபடியும் நாங்கதான் வெளிய நிப்போம்.

நம்ம மாநிலத்துலயே பாடம் இருக்கு, வெளிய போக வேண்டியதில்ல. 1996ல வேலூர் மாவட்டத் தோல் ஆலைங்க வழக்குல சுப்ரீம் கோர்ட் "கெடுத்தவனே செலவக் கட்டணும்"ன்றத இந்தியச் சட்டத்தோட பகுதின்னு சொல்லுச்சு. 2011 ஜனவரியில திருப்பூர்ச் சாய ஆலைங்கள ஹைகோர்ட் மூடச் சொல்லுச்சு, ஒரு சொட்டுக் கழிவுநீர் கூட நொய்யல்ல விடக் கூடாதுன்னு. அப்புறம் என்ன பண்ணாங்க, ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போடுற சாய ஆலைக்காரங்களே சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள வழிக்குக் கொண்டுவந்தாங்க. இது போட்டியாளர்கள் கூடிப் பேசுறதுதான், ஆனா கூடாத கூட்டு கெடையாது. தண்ணியச் சுத்தம் பண்றதுக்குச் சேரலாம், அதே மேஜையில "கிலோவுக்குச் சாயக் கூலி இவ்ளோ"ன்னு பேச ஆரம்பிச்சா அது வேற விஷயம், அங்கதான் கோடு. இன்னொன்னும் அப்ப நடந்துச்சு, அங்க மூடுன சாயத் தொட்டிங்க விதி கெடுபிடி இல்லாத வேற ஊர்கள்ல மொளைச்சுது. விதி ஒரு ஊருக்கு மட்டும் இருந்தா தண்ணி மாதிரி தொழிலும் பள்ளத்தப் பாத்துதான் ஓடும்.

சுற்றுச்சூழல் விதியே போட்டியக் கெடுக்குற எடமும் உண்டு, அதையும் மறைக்காம சொல்லணும். 2009ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிய அளந்தாங்க, 70 மதிப்பெண்ணுக்கு மேல போன 43 எடம் கடுமையா மாசுபட்டதுன்னு அறிவிச்சாங்க, மணலி 76.32. 2010 ஜனவரியில அந்த 43 எடத்துலயும் புதுத் திட்டங்களுக்கு அனுமதிய நிறுத்தி வெச்சாங்க. எங்களுக்கு அது தேவைப்பட்ட நிறுத்தம். ஆனா உள்ள இருக்குற பழைய ஆலைங்க அதே பழைய கருவியோட ஓடிட்டே இருக்க, புதுசா சுத்தமான தொழில்நுட்பத்தோட வர்றவனுக்கு மட்டும் கதவ மூடுனா, அது பழையவனுக்குக் கட்டிக் குடுத்த மதில் சுவர். 2018 அளவீட்டுல மணலி மதிப்பெண் இன்னும் ஏறத்தான் செஞ்சுது. வர்றவன நிறுத்துற அன்னைக்கே இருக்குறவனுக்கும் கெடு வெச்சிருக்கணும்னு நான் நெனைக்குறேன்.

காயலான் கடை விஷயம் ஒண்ணு. பழைய கேபிள எரிச்சுத் தாமிரம் எடுக்குற நாத்தம் வடசென்னையில பல சந்துல இருக்கும். எரிக்குறவனுக்குச் செலவு ஒரு தீக்குச்சி, அதனால முறையா மிஷின் வெச்சு உரிக்குற கம்பெனிய விடக் கிலோவுக்குக் கூட விலை குடுத்துக் குப்பைய வாங்கிடுவான். இதச் சரிக்கட்ட மின்னணுக் கழிவு விதியில, முறையா மறுசுழற்சி பண்றவங்க கிட்ட இருந்து பொருள் செய்யுற கம்பெனிங்க வாங்குற சான்றிதழுக்கு ஒரு குறைந்தபட்ச விலை வெச்சாங்க, பெரிய மின்னணுக் கம்பெனிங்க அத எதிர்த்து டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போயிருக்காங்க. விலைக்குத் தரை போடுறது போட்டிக்கு எதிர்தான், ஆனா இந்த எடத்துல நான் தரை பக்கம்.

பழவேற்காட்டுல எங்க சித்தப்பா வழியில சொந்தக்காரங்க இருக்காங்க. அந்த ஏரியில பாடு முறைன்னு ஒண்ணு ரொம்பக் காலமா நடக்குது. எறா நல்லா விழுற எடங்களுக்குப் பேரு வெச்சு, எந்தத் தலைக்கட்டு, அதாவது எந்தக் குடும்பம், எந்த நாள் எந்தப் பாடு எடத்துல வலை கட்டணும்னு சீட்டு போட்டு எடுப்பாங்க, சுத்தி சுத்தி எல்லாருக்கும் நல்ல எடமும் வரும், சுமாரான எடமும் வரும். யாரும் யாரோடயும் முட்டிக்கிட்டு ஏரிய வழிச்சு எடுக்க மாட்டாங்க. ஒரு போட்டி அதிகாரி வந்து பாத்தா இதச் சந்தையப் பங்கு போட்டுக்குற சிண்டிகேட்னு சொல்லலாம். அதுலயும் ஒரு உண்மை இருக்கு, தலைக்கட்டுப் பட்டியல்ல பேர் இல்லாத சாதிக்காரங்களும் ஊர்க்காரங்களும் ஏரிக்கரையிலயே இருந்துக்கிட்டு அந்த எடத்துக்குள்ள போக முடியாம நின்னிருக்காங்க, அவங்க கோவமும் நியாயம்தான். ஏரியக் காப்பாத்துன கூட்டும் அதுதான், ஆளத் தள்ளி வெச்ச கூட்டும் அதுதான். சித்தப்பாகிட்ட இதச் சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சீட்டுல பேர சேக்கலாம்பா, எறா இல்லாத ஏரியில யார சேத்து இன்னா பண்றது"ன்னாரு.

மீன்பிடித் தடைக்காலம் வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். காசிமேட்டுல எல்லா விசைப்படகும் ஒரே நாள் நிக்கும், ஒரே நாள் கிளம்பும். ஒருத்தன் மட்டும் மீன் குஞ்சு வளரட்டும்னு நின்னா பக்கத்துப் படகுக்காரன் அள்ளிட்டுப் போயிடுவான், எல்லாரும் நின்னாத்தான் நிக்க முடியும், அதுக்கு அரசாங்கம் வேணும். படகுக்காரங்க தாங்களாப் பேசி நின்னா சந்தேகம் வரும், விதியா வந்தா எல்லாருக்கும் சமம். நெதர்லாந்துக்காரங்க அஞ்சு மின் நிலையத்துல கத்துக்கிட்டத காசிமேடு வருஷா வருஷம் செஞ்சு காட்டிட்டு இருக்கு.

அப்ப நான் கேக்குறது என்ன. கரண்ட் வரிசையில புகையக் கழுவுற செலவத் தனியாப் பிரிச்சு வெச்சு, கழுவுனதுக்காக எந்த நிலையமும் பின்னாடி போகாம இருக்கணும். எந்தக் கூட்டுக்கு அனுமதி, எந்தக் கூட்டுக்கு அபராதம்னு சிசிஐ ஒரு வழிகாட்டுதல் வெளியிடணும், அதுல நுகர்வோர்னு எழுதுற எடத்துல பக்கத்துல குடியிருக்குறவங்களையும் சேக்கணும், எண்ணூர் மாதிரி எடத்துல ரெண்டு வட்டமும் ஒண்ணா விழாதுன்னு தெரிஞ்சே எழுதணும். காத்துச் சட்ட அபராதத்த விற்பனையோட சதவீதத்துல வெக்கணும்.

இதுக்கெல்லாம் சட்டத் திருத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல. போட்டிச் சட்டத்துல 21வது பிரிவு இப்பவே இருக்கு. வேற ஒரு சட்டப்பூர்வ அமைப்பு தன் முடிவு போட்டிச் சட்டத்தோட மோதுமான்னு சிசிஐகிட்ட எழுதிக் கேக்கலாம், 60 நாளுக்குள்ள சிசிஐ கருத்துச் சொல்லணும். 21ஏ பிரிவுல அதுவே திரும்ப, சிசிஐ மத்த அமைப்புகிட்ட கேக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியப் பத்தி, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வல்லூரப் பத்தி அப்படி ஒரு கடிதம் எழுதட்டும். அதோட ஒரு நகல் காட்டுக்குப்பம் பஞ்சாயத்துக்கும் வரணும், அந்தச் சாம்பல அள்ளிக் காட்டுன அண்ணனுக்கு நானே படிச்சுச் சொல்லுவேன்.